தங்க எழுத்து மாம்பழ ஜூஸ் மாதிரி வருது – திருவிழா பேனருக்கு உதவி வேணும்

லயத்துப்பையன்
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். எங்க பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்கு இந்த வருஷம் பேனர் வேலை என் தலையில விழுந்திருக்கு. தோட்டத்துல இப்ப லயமே (தொழிலாளர் வரிசை வீடு) இல்ல, கோயிலைச் சுத்தி செம்பனைதான். ஆனா திருவிழா அன்னிக்கு மட்டும் ஈப்போ, கே.எல்., ஜொகூர்னு போனவங்க எல்லாம் குடும்பத்தோட வந்து இறங்குவாங்க. நுழைவாயில்ல கட்டுற பேனர், 10க்கு 4 அடி. குழுத் தலைவர் போட்ட கட்டளை ஒண்ணே ஒண்ணு: "அம்மன் பேரு தங்கத்துல மின்னணும்."

போட்டோஷாப்ல எழுத்தை அடிச்சேன். மஞ்சள் (சிவப்பு 255, பச்சை 215, நீலம் 0) ஊத்தினேன். எழுத்தைப் புடைச்சுக் காட்டுற பெவல் அண்ட் எம்பாஸ், கீழ நிழல், எல்லாம் போட்டாச்சு. பார்த்தா தங்கம் இல்ல, மாம்பழ ஜூஸை ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்த மாதிரி இருக்கு. கடையில ஏ4 தாள்ல ஒண்ணு அடிச்சுப் பார்த்தேன், அது கடுகுச் சட்னி. இன்னும் பத்து நாள் இருக்கு. எங்க தப்பு பண்றேன்னு யாராவது சொல்லுங்க.

கைப்பேசி_கலைஞன்
இதுக்கு எதுக்கு அண்ணே போட்டோஷாப். கைப்பேசியில பிக்சல்லேப் ஆப்ல எழுத்து அடிங்க, டெக்ஸ்சர்ல தங்கத் தகடு படம் ஒண்ணைத் தூக்கிப் போடுங்க, எம்பாஸ் தட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை. நான் பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அப்படித்தான் செய்யுறேன், யாரும் குறை சொன்னதில்ல.

கெட்டிமேளம்
பிறந்தநாள் வாழ்த்தை வாட்ஸ்அப்ல உள்ளங்கை அகலத்துல பார்க்குறாங்க தம்பி. 10 அடிக்கு இழுத்தா உங்க தகடு படம் சொறி பிடிச்ச மாதிரி ஆயிடும்.

லயத்துப்பையா, நான் ஈப்போவுல கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவ. முதல்ல ஒண்ணைத் தெளிவா வெச்சுக்குங்க. பத்திரிகையில நீங்க பார்க்கிற தங்கம் நிஜமான உலோகத் தகடு, சூடு வெச்சு அழுத்துறது. ஆஃப்செட்லன்னா தனி மை இருக்கு, பான்டோன்ங்கிற நிற வரிசையில 871 முதல் 876 வரைக்கும் தங்கமும் வெண்கலமும், 877 வெள்ளி. ஃப்ளெக்ஸ் பேனர்ல அதெல்லாம் கிடையாது. நாலு மைதான், அந்த நாலுல மினுக்குற மை ஒண்ணுமே இல்ல. அதனால நீங்க தங்கத்தை அச்சடிக்கப் போறதில்ல, தங்கம் மாதிரி கண்ணை ஏமாத்தப் போறீங்க. வேலையே வேற.

ரசாயன_வாத்தி
உங்க பெவல்ல ஹைலைட், அதாவது பளபளப்பு, நிறம் என்ன வெச்சிருக்கீங்க? வெள்ளையாத்தான் இருக்கும், போட்டோஷாப் தானா வைக்கிறதே அதைத்தான். பாதி தப்பு அங்கதான் இருக்கு.

மஞ்சள் பிளாஸ்டிக் வாளியை விளக்குக்குக் கீழ வெச்சுப் பாருங்க. வாளி மஞ்சள், ஆனா அது மேல விழுற பளீர் புள்ளி வெள்ளை. விளக்கோட நிறத்தை பிளாஸ்டிக்கோட மேற்பரப்பு அப்படியே திருப்பி அனுப்பிடுது. தங்கம் அப்படி இல்ல. சிவப்பு, பச்சை ஒளியை நல்லாத் திருப்புது, நீலத்தை விழுங்கிடுது. அதனால தங்கத்துல விழுற பளபளப்புக்கே மஞ்சள் ஏறிடும். மஞ்சள் மேல வெள்ளைப் பளபளப்பு வெச்சா மூளை உடனே "வாளி"ன்னு சொல்லிடும்.

ஹைலைட்டை 255, 244, 190 பக்கம் மாத்துங்க. நிழல் நிறம் கறுப்பா இருந்தா அதையும் 70, 38, 5 மாதிரி கரும்பழுப்பா மாத்துங்க. மத்தது எதையும் தொடாம இதை மட்டும் செஞ்சு பார்த்துட்டுச் சொல்லுங்க.

லயத்துப்பையன்
சார், மாத்தினேன். வாளி போயிடுச்சு! இப்ப வெண்ணெய் மாதிரி இருக்கு. முன்னேற்றம்தான், ஆனா உலோகம்னு சொல்ல வாய் வரல.

பழைய_தூரிகை
தம்பி, நான் கணினியைத் தொட்டதே பேரன் புண்ணியத்துல. ஆனா முப்பது வருஷத்துக்கு மேல தூரிகை பிடிச்சு லாரி, கடைப் பலகை, கோயில் வாசல்னு எழுதினவன். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ தங்கத்தைப் பார்த்து எழுதல, மஞ்சளைப் பார்த்து எழுதுற.

வீட்டுல பித்தளைச் செம்பு இருக்கும். புளி போட்டு நல்லாத் தேய்ச்சு, வாசல்ல கொண்டு போய் வை. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாரு. மஞ்சள் எங்க இருக்கு? கொஞ்சூண்டுதான். மேல வானம் விழுந்த இடத்துல வெளுத்த பட்டை. அதுக்குப் பக்கத்துலயே, இடைவெளியே இல்லாம, கிட்டத்தட்ட கறுப்பு; அது வீட்டு நிழல். கீழ் விளிம்புல மண் தரையோட செவப்பு ஏறி நிக்கும். உத்துப் பார்த்தா உன் சட்டையும் கோணலாத் தெரியும். செம்புக்கு சொந்த நிறம் கம்மி தம்பி, அது ஊரை வாங்கித்தான் காட்டும்.

தங்க ரேக்கு ஒட்டச் சொல்ற முதலாளி நூத்துல ஒருத்தர். மத்தவங்களுக்கு வார்னிஷ்ல தங்கப் பொடி கலந்து அடிச்சா மழைக்கும் வெயிலுக்கும் சீக்கிரமே கறுத்துப் போகும். அதனால தங்கப் பெயின்ட்டைத் தொடாமலே தங்கம் எழுதுவோம். ஐந்து டப்பா: வெள்ளையில துளி மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், பழுப்பு, பழுப்புல கறுப்பு கலந்தது. எழுத்தோட நடு வயித்துல ஒரு கோடு. கோட்டுக்கு மேல வெளுப்பு, கோட்டுக்குக் கீழ ஒரேயடியா இருட்டு, அப்புறம் அடி வரைக்கும் மெதுவா வெளுக்கும். கடைசியா அடி விளிம்புல மெல்லிசா ஆரஞ்சு. அந்த ஆரஞ்சு இல்லன்னா எழுத்து செத்துக் கிடக்கும். புதுசா வர்ற பையன்கள் எல்லாம் வெளுப்புக்கும் இருட்டுக்கும் நடுவுல பாலம் கட்டுவான், தேய்ச்சு தேய்ச்சு மழமழன்னு ஆக்குவான். எங்க முதலாளி தலையில குட்டுவாரு. மழமழன்னு இருந்தா மண்பானை, வெடுக்குன்னு மாறினாத்தான் பித்தளை.

ஆமா, பேனர் எந்தத் திசையைப் பார்த்து நிக்கப் போகுது? வெளிச்சம் எங்க இருந்து வரும்?

மங்குவாளி
பெரியவர் சொன்னதை அப்படியே கிரேடியன்ட்ல, அதாவது நிறம் மாறிக்கிட்டே போற பட்டையில, எழுதலாம். கிரேடியன்ட் ஓவர்லே, லீனியர், 90 டிகிரி. அடியிலிருந்து மேலே போற சதவீதக் கணக்குல: 0ல 214, 140, 50, 8ல 236, 190, 90, 48ல 84, 48, 8, 50ல 255, 246, 200, 78ல 222, 170, 60, 100ல 255, 236, 160. 48க்கும் 50க்கும் நடுவுல இருக்கிற அந்த வெட்டுதான் விஷயம். மத்த எண்களை இஷ்டத்துக்கு மாத்துங்க, அதை மட்டும் அகலப்படுத்தாதீங்க.

பழைய விளம்பரத்துல வர்ற குரோம் எழுத்தும் இதே கதைதான். மேல நீல வானம், நடுவுல தொடுவானம், கீழ பாலைவனத்துப் பழுப்பு. நம்ம ஊருல பாலைவனம் ஏதுன்னு ஒரு தடவை கீழ செம்பனைப் பச்சை போட்டுப் பார்த்தேன். பாசி பிடிச்ச தண்ணிக் குழாய் மாதிரி ஆயிடுச்சு. பழுப்புக்கே திரும்பிட்டேன்.

போட்டோஷாப்புக்கு காசு கட்ட முடியாதவங்க போட்டோபியாவுல செய்யலாம், பிரவுசர்லயே ஓடும், இதே லேயர் ஸ்டைல் எல்லாம் அங்க இருக்கு.

கெட்டிமேளம்
எண்கள் அழகா இருக்கு, ஆனா அவர் இப்ப ஒரு பள்ளத்துல விழப் போறாரு. கிரேடியன்ட் லேயரோட மொத்த உயரத்துக்கும் விரியும். "அருள்மிகு ஸ்ரீ மகா மாரியம்மன்" ஒரு வரி, "தீமிதித் திருவிழா" இன்னொரு வரின்னு ஒரே லேயர்ல அடிச்சா, மேல் வரி முழுக்க வெளுத்து, கீழ் வரி முழுக்க பழுப்பாகும். வரிக்கு ஒரு லேயர் போடுங்க.

அதுலயும் தமிழுக்கு ஒரு தனி வம்பு இருக்கு. ஆங்கிலப் பெரிய எழுத்து எல்லாம் ஒரே உயரம், நடுக்கோடு நடுவுல விழும். நமக்கு மேல விசிறி, புள்ளி. கீழ "ரு", "கு" வாலு. உயரக் கணக்கு மாறி, தொடுவானம் எழுத்தோட வயித்துல விழாம கழுத்துல விழும். கிரேடியன்ட் ஓவர்லே பெட்டி திறந்திருக்கும்போதே படத்துல மௌஸை வெச்சு இழுங்க, கிரேடியன்ட் நகரும். "ம", "ய" இதோட நடுவுல கோடு வந்து உட்காரணும். வாலும் கொக்கியும் எப்படிப் போனாலும் கண்ணு மன்னிச்சிடும்.

லயத்துப்பையன்
அக்கா, இழுத்து வெச்சேன். முதல் தடவையா எங்க அம்மா எட்டிப் பார்த்து "இது என்னாடா, பித்தளையா?"ன்னு கேட்டாங்க. தங்கம்னு சொல்லல, ஆனா உலோகம் வந்துடுச்சு!

அடுத்த சிக்கல். ஃபைலை கடைக்கு எடுத்துப் போனேன், அவங்க கணினியில திறந்து ஒரு எழுத்தைத் திருத்தப் போனதும் "கோயில்" உடைஞ்சு போச்சு. கொம்பு "க"வுக்குப் பின்னாடி போய் நிக்குது. "பெருவிழா"வுலயும் அதே கதி. கடைக்காரர் "தமிழ் அப்படித்தான் வரும், யாரு கவனிக்கப் போறா"ங்கிறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்.

ரசாயன_வாத்தி
"யாரு கவனிக்கப் போறா"வா! முத்து நெடுமாறன் 1985லயே முரசுங்கிற தமிழ் மென்பொருளைக் கொண்டு வந்த நாடு இது. இங்க இருந்துக்கிட்டு இந்தப் பேச்சு.

மங்குவாளி
கடையில இருக்கிறது பழைய போட்டோஷாப்பா இருக்கும், இல்ல எழுத்து எஞ்சினை மாத்தாம வெச்சிருப்பாங்க. ப்ரெஃபரன்ஸஸ்ல டைப் பக்கம் போனா, மத்திய கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சின்னு ஒண்ணு இருக்கும், புதுசுல அதுக்கு வேர்ல்ட் ரெடின்னு பேரு. அதைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்து, எழுத்தைப் புது லேயர்ல அடிக்கச் சொல்லுங்க. ரொம்பப் பழசா இருந்தா அந்த வசதியே இருக்காது.

கிம்ப்ங்கிற இலவச மென்பொருள்ல இந்தத் தொல்லை இல்ல, கொம்பு அதனதன் இடத்துல நிக்கும். நான் கிம்ப்காரன், அதனால கொஞ்சம் பெருமை அடிச்சுக்கறேன். 2025 மார்ச்ல 3.0 வந்ததுல இருந்து ஃபில்டர் போட்ட பிறகும் திரும்பிப் போய் மாத்தலாம். பழைய கிம்ப் வழி வேற. எழுத்தை வெள்ளையா கறுப்பு மேல போட்டு, மங்க வெச்சு, பம்ப் மேப்ல மேடாக்கி, அப்புறம் கர்வ்ஸ்ல கோட்டை மலைத்தொடர் மாதிரி ஏத்தி இறக்கினா குரோம் பட்டை பட்டையா வரும். கடைசியா கிரேடியன்ட் மேப்ல தங்கக் கலவை ஏத்தணும். மெனக்கெடல் ஜாஸ்தி, ஆனா உலோகம் ஏன் உலோகமாத் தெரியுதுன்னு கையாலயே புரியும். 1998ல போட்டோஷாப் 5.0ல லேயர் எஃபெக்ட்ஸ் வர்றதுக்கு முந்தி அங்கயும் இப்படி சேனல், மங்கல், கர்வ்ஸ்னுதான் மாரடிச்சாங்க.

கெட்டிமேளம்
கடைக்கு எழுத்தாவே அனுப்பாதீங்க, அதான் சுருக்கமான பதில். எல்லாம் முடிஞ்சதும் ஒரு நகல் எடுத்து, எழுத்தை ஷேப்பா மாத்துங்க, அப்புறம் மொத்தத்தையும் ஒட்டி ஒரே படமாக்கி டிஃப் (TIFF) ஃபைலாக் கொடுங்க. அவங்ககிட்ட எழுத்துரு இருக்கா இல்லையாங்கிற கேள்வியே வராது. திருத்தம் இருந்தா வீட்டுக்கு வந்து நீங்களே திருத்துங்க. அவங்க கைப்பட விடாதீங்க.

எந்த எழுத்துரு எடுத்தீங்க?

லயத்துப்பையன்
லதா அக்கா.

கெட்டிமேளம்
ஐயோ. லதா படிக்கிறதுக்கு வந்த எழுத்து, கோடு மெல்லிசு. உலோகத்துக்கு சதை வேணும். "பாலூ தம்பி"ங்கிற எழுத்துரு எடுத்துப் பாருங்க, கூகுள்ல இலவசம், குண்டு குண்டா இருக்கும். முறுக்கா வேணும்னா கேட்டமரன் (Catamaran) எழுத்துருல அதிகத் தடிப்பு.

காரணம் இருக்கு. பெவல்ல சிசல் ஹார்ட் வெச்சீங்கன்னா, சைஸை எழுத்துக்கோட்டோட பாதி அகலத்துக்குக் கொண்டு வாங்க. அப்பதான் ரெண்டு சரிவும் நடுவுல வந்து சந்திச்சு, கூரை முகடு மாதிரி ஒரு விளிம்பு நிக்கும், உளி வெச்சுச் செதுக்கின மாதிரி. மெல்லிசுக் கோட்டுல அந்த முகடுக்கு இடமே இல்ல. "ண", "ஞ" சுழி எல்லாம் கம்பி முறுக்கு மாதிரி ஆயிடும். அப்புறம் க்ளாஸ் (Gloss) கான்டூர்ல ரிங் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துல இருக்கிற ஆன்டி அலையஸ்ட் பெட்டியில டிக் போடுங்க. பெரியவர் சொன்ன வெடுக்கு வெடுக்கு மாற்றம் அங்கதான் இருக்கு. சாட்டின் கொஞ்சமாப் போடலாம். நான் போடுறதில்ல, எழுத்து மேல பிளாஸ்டிக் தாள் சுத்தின மாதிரி எனக்குத் தோணும்.

கைப்பேசி_கலைஞன்
இவ்வளவு எதுக்குன்னு இன்னும் புரியல எனக்கு. இணையத்துல "கோல்ட் ஸ்டைல்"னு தேடினா ரெடிமேடா ஆயிரம் கிடைக்குது. இறக்கு, சொடுக்கு, முடிஞ்சது.

மங்குவாளி
இறக்கி சொடுக்கிப் பாருங்க. அந்த ஸ்டைல் எல்லாம் சின்னப் படத்துக்குச் செஞ்சது. பெவல் 12 பிக்சல்னு எழுதி வெச்சிருப்பான். 10 அடி பேனர் 72 டிபிஐல (அங்குலத்துக்கு 72 புள்ளி) போட்டாலே 8640க்கு 3456 பிக்சல். அதுல 12 பிக்சல் பெவல் நூல் ஓட்டின மாதிரி இருக்கும். லேயர் மெனுவுல ஸ்கேல் எஃபெக்ட்ஸ் இருக்கு, பெருக்கலாம், ஆனா பெவல் சைஸ் 250 பிக்சலோட நின்னுடும். ரொம்பப் பெரிய எழுத்துக்கு அந்த வேலி தடுக்கும். அதனாலதான் 72லயே நில்லுங்கங்கிறேன். கடைக்காரன் 300 கேட்டா ஏன்னு கேளுங்க, ரோட்டுல போறவன் பூதக்கண்ணாடி வெச்சா பார்க்கப் போறான்?

லயத்துப்பையன், முன்னாடி செஞ்ச ஃபைலைப் பெரிசாக்குறீங்கன்னா இமேஜ் சைஸ் பெட்டியில ஸ்கேல் ஸ்டைல்ஸ் டிக் இருக்கான்னு பார்த்துட்டு அழுத்துங்க.

சும்மா_பார்க்க_வந்தேன்
ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்க தோட்டத்துல அந்தக் காலத்துல சிவப்புத் துணியில வெள்ளை எழுத்துதான். அரை மைல்லயே தெரியும். இப்ப பேனர்னா தங்கம், வெள்ளி, நெருப்பு, மின்னல். அம்மனுக்கு ஜிகினா எதுக்குன்னு எனக்குப் படுது.

பழைய_தூரிகை
அந்தச் சிவப்புத் துணியில எழுதினதும் நான்தாம்மா, இல்ல என்னை மாதிரி ஒருத்தன். நீ சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா தங்கம் தெரியணும்னா அந்தச் சிவப்பே வேணும். தம்பி, பின்னணி என்ன போட்டிருக்கே?

லயத்துப்பையன்
இளம் மஞ்சள்ல சூரியக் கதிர் விரியுற மாதிரி போட்டிருக்கேன் ஐயா…

பழைய_தூரிகை
எடுத்துக் கடாசு. மஞ்சள் மேல மஞ்சள் எழுதி மின்னல மின்னலன்னா எப்படி மின்னும்? கருஞ்சிவப்பு போடு, குங்குமத்துல கரி கலந்த மாதிரி.

கெட்டிமேளம்
ஐயா சொன்னதுக்கு அப்பீல் இல்ல.

கடுகுச் சட்னிக்கும் பதில் சொல்லிடறேன். தங்கம் அழுக்காகுறது பெரும்பாலும் நீல மையும் கறுப்பு மையும் தேவையில்லாம உள்ள வர்றதால. ஸ்கிரீன்ல பிரகாசமா இருந்த ஆர்ஜிபியை (சிவப்பு, பச்சை, நீல ஒளி) அச்சு மையோட சிஎம்ஒய்கேவுக்கு (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) மாத்தும்போது மஞ்சள்ல கொஞ்சம் நீலம் ஏறினாலே பச்சை வாடை அடிக்கும். கோரல்டிராவுல "கோல்ட்"னு ஒரு பெட்டி உண்டு, 0, 20, 60, 20. அந்த 20 கறுப்பாலதான் பேனர்ல அது மண்ணா வருது, நம்பி ஏமாந்தவங்க நிறையப் பேரு. நடு நிறத்துக்கு 0, 28, 90, 0 பக்கம் வெச்சுப் பாருங்க. இருட்டு இடத்துக்கு சிவப்பை ஏத்தி, கறுப்பைக் கடைசியாத் தொடுங்க. வெளுப்புக்கு 0, 2, 25, 0 போதும்.

இன்னொண்ணு, லேயர் எல்லாம் உயிரோட இருக்கும்போது சிஎம்ஒய்கேவுக்கு மாத்தாதீங்க. ஸ்கிரீன், கலர் டாட்ஜ் மாதிரி கலப்பு முறை எல்லாம் அங்க வேற கணக்குப் போடும், பளபளப்பு மங்கிடும். முதல்ல நகலை ஒட்டி ஒரே படமாக்குங்க, அப்புறம் மாத்துங்க. கடையில ஆர்ஜிபியாவே வாங்கிப்பாங்களான்னும் கேட்டு வையுங்க, சில கடையில மெஷினே நல்லா மாத்தும். கிரேடியன்ட் படி படியாத் தெரிஞ்சா ஒண்ணு ரெண்டு சதவீதம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளி, தூவுங்க. கடைசியா, 10 அடி முழுசையும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு முழம் அகலத்துக்கு "மாரி"ன்னு மட்டும் அதே ஃப்ளெக்ஸ்ல அடிச்சு வாங்குங்க. பத்து வெள்ளி (ரிங்கிட்) போனாலும் பரவாயில்ல.

லயத்துப்பையன்
துண்டு அடிச்சாச்சு. வாசல் கம்பியில கட்டிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பார்த்தேன். கிட்ட அழகா இருந்த பெவல் எல்லாம் தூரத்துல காணாமப் போச்சு, நடுக்கோடு மட்டும்தான் தெரியுது! முகடு எல்லாம் வீண் வேலையா?

மங்குவாளி
வீண் இல்ல, கிட்ட வர்றவங்களுக்கு இருக்கட்டும். தூரத்துக்கு வெளிப்பக்கம் ஸ்ட்ரோக், அதாவது எழுத்தைச் சுத்தி ஒரு கோடு, கொடுங்க, கொஞ்சம் தடிப்பா, அதுக்கும் கிரேடியன்ட், ஆனா தலைகீழா. எழுத்து மேல வெளுப்புன்னா ஸ்ட்ரோக் மேல இருட்டு. ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டின மாதிரி நிக்கும்.

லயத்துப்பையன்
செஞ்சேன், பிரமாதம். இப்ப குழுவுல புதுப் பிரச்சினை. தங்கத்தைப் பார்த்ததும் உபயகாரங்க எல்லாருக்கும் தங்கம் வேணுமாம். அன்னதான உபயம், தண்ணீர்ப் பந்தல் உபயம், கூடாரம் போடுறவர், டத்தோ பட்டம் வாங்கின ஒருத்தர். பதினேழு பேரு. அதுபோக மலாய் வரியும் தங்கமா இருக்கட்டும்னு ஒருத்தர்.

கெட்டிமேளம்
பதினேழு பேருக்கும் தங்கம் போட்டா அம்மன் பேரு எதுன்னு தேடணும். உபயத்துக்கு வெள்ளியும் வேணாம், சாதாரண வெளிர் மஞ்சள், தட்டையா. யாராவது கேட்டா "சின்ன எழுத்துல தங்கம் போட்டா பேரு படிக்க முடியாது"ன்னு சொல்லுங்க. அது உண்மையும்கூட. சின்ன எழுத்துல பெவல் போட்டா அழுக்குதான் மிஞ்சும்.

லயத்துப்பையன்
அதையேதான் சொன்னேன் அக்கா. "பேரு படிக்க முடியாது"ன்னதும் பதினேழு பேரும் கப்சிப். டத்தோ மட்டும் கொஞ்சம் பெருசாப் போடச் சொன்னாராம்.

லயத்துப்பையன்
எல்லாருக்கும் நன்றி. பேனர் கட்டியாச்சு, நேத்து திருவிழாவும் முடிஞ்சது. பகல்ல அமர்க்களம். குழுத் தலைவர் கிட்டப் போய் எழுத்தை விரலால தடவிப் பார்த்தாரு.

ஆனா ஐயா கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லல, அது இப்பதான் உறைச்சது. நான் லைட் ஆங்கிளை 120ல வெச்சு, இடது மேல இருந்து வெளிச்சம் வர்ற மாதிரி எல்லாத்தையும் செஞ்சேன். வாசல்ல விளக்கு கட்டினவரு ரெண்டு பெரிய ஸ்பாட்லைட்டைத் தரையில வெச்சு மேல் நோக்கித் திருப்பிட்டாரு. பொழுது சாஞ்சதும் வெளிச்சம் கீழ இருந்து அடிக்க, புடைச்சு நின்ன எழுத்து எல்லாம் உள்ள குழிஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

பழைய_தூரிகை
அதைத்தான் கேட்டேன். நான் ஏணி போடுறதுக்கு முந்தி வாசல்ல நின்னு சூரியனைப் பார்ப்பேன். சரி விடு, ஜனங்க என்ன சொன்னாங்க?

லயத்துப்பையன்
ஜொகூர்ல இருந்து வந்த பாட்டி ஒருத்தங்க ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டு, "பலகையில செதுக்கி உள்ள தங்கம் ஊத்தினீங்களாய்யா?"ன்னு கேட்டாங்க ஐயா. ஆமா பாட்டின்னு சொல்லிட்டேன்.